செட்டிங்ஸ் டேபிள் மாறுகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பில்லிங் மென்பொருளின் அடுத்த அப்டேட்டில் செட்டிங்ஸ் திரை பெரிதாக மாறாது. ஆனால் டேட்டாபேஸில் செட்டிங்குகளைச் சேமிக்கும் விதம் மாறுகிறது. உங்களில் சிலர் எங்கள் டேபிள்களிலிருந்து நேரடியாக எக்ஸெலுக்கு ரிப்போர்ட் எடுக்கிறீர்கள். இந்த மடல் முக்கியமாக அவர்களுக்குத்தான்.

இதுவரை ஒரே டேபிள், அதில் ஒரே வரிசை. ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு பத்தி (column). ஒரே கடை, ஒரே கவுண்டர் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை என்றுதான் இன்றும் சொல்வோம். எண் போட வேண்டிய இடத்தில் எழுத்தைப் போட்டால் டேட்டாபேஸே தடுத்துவிடும். இரண்டாவது கிளை திறக்கும்போதுதான் சிக்கல்: அதன் செட்டிங்கை எங்கே வைப்பது?

பெயர், மதிப்பு என்று இரண்டே பத்தி வைத்து எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடுவது பலரும் செய்யும் சுலபமான வழி. எங்களுக்கு அதில் சம்மதமில்லை. அங்கே எல்லா மதிப்பும் வெறும் எழுத்தாகக் கிடக்கும். தள்ளுபடி வரம்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே ஒப்பிட்டால், முதல் எழுத்தை வைத்து 9 என்பது 20-ஐவிடப் பெரியது, 100 என்பது சின்னது. கேஷியர் 9 சதவீதம் போட்டால் பில் மறுக்கும். 100 சதவீதம் போட்டால் சரி என்று விட்டுவிடும்!

அதனால் புதிதாக இரண்டு டேபிள். முதலாவதில் என்னென்ன செட்டிங் உண்டு, அது எண்ணா, தேதியா, ஆம்-இல்லையா, எந்த அளவுக்குள் இருக்க வேண்டும், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் என்ன மதிப்பு என்பதெல்லாம் இருக்கும். இரண்டாவதில் நீங்கள் போட்ட மதிப்புகள்: எந்தக் கிளைக்கு, எந்தக் கவுண்டருக்கு, எந்தத் தேதியிலிருந்து, மாற்றியது யார். மென்பொருள் முதலில் கவுண்டரைப் பார்க்கும், அப்புறம் கிளை, அப்புறம் பொது. ஒரு கவுண்டரில் மூன்று இன்ச் பிரிண்டரும் பக்கத்துக் கவுண்டரில் இரண்டு இன்ச்சும் இனி சண்டையில்லாமல் இருக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கிளையில் தள்ளுபடி வரம்பு 0 என்று போட்டால், அங்கே தள்ளுபடியே கிடையாது. பொது வரம்பே போதும் என்றால் அந்த வரிசையையே நீக்க வேண்டும். திரையில் இதற்கு 'பொதுவானதே' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம்.

தேதி எதற்கு என்று கேட்கலாம். 2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18 சதவீத ஜிஎஸ்டியிலிருந்து 5-க்கு இறங்கியது நினைவிருக்கும். 20-ஆம் தேதி விற்ற ஷாம்பு 25-ஆம் தேதி திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் (திரும்பி வந்த பொருளுக்குப் போடும் கழிவுச் சீட்டு) 18 சதவீதம்தான் வர வேண்டும். பழைய மதிப்பை அழித்து எழுதியிருந்தால் அது கிடைக்காது. (வரி விகிதம் இருக்க வேண்டிய இடம் பொருள் பட்டியல், செட்டிங்ஸ் அல்ல. ஆனாலும் தேதி போடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.) பில் எண்ணின் முன்னொட்டுக்கும் இது உதவும். ஏப்ரல் 1 முதல் வர வேண்டியதை மார்ச்சிலேயே போட்டு வைத்துவிடலாம். முன்னொட்டும் எண்ணும் சேர்ந்து 16 எழுத்தைத் தாண்டக் கூடாது என்ற ஜிஎஸ்டி விதியை முதல் டேபிளே பார்த்துக்கொள்ளும்.

எஸ்எம்எஸ், மின்னஞ்சல் பாஸ்வேர்டுகள் இந்த டேபிள்களில் இருக்காது. பேக்கப்பைப் பென்டிரைவில் போட்டு ஆடிட்டருக்குக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். அதோடு பாஸ்வேர்டும் போக வேண்டாம்.

எக்ஸெல் ரிப்போர்ட் எடுப்பவர்களுக்கு: பழைய டேபிளின் பெயரிலேயே ஒரு வியூ (புதிய டேபிள்களில் இருப்பதைப் பழைய டேபிள் போலவே காட்டுவது) இருக்கும், பத்திகளின் பெயரும் அதேதான். அதில் பொது மதிப்புகள் மட்டும் தெரியும். படிக்கலாம், எழுத முடியாது. கிளைவாரியாக வேண்டுமென்றால் உங்கள் ரிப்போர்ட் ஃபைலை எங்களுக்கு அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம். அப்டேட்டை இரவு கடை மூடி, பேக்கப் எடுத்த பிறகு போடுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பிரிவு