பழைய இரும்பில் மினி பைக் செய்யும் தோட்டத்து இளைஞர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டத்து இளைஞர்கள் பழைய இரும்பைப் பொறுக்கிச் சேர்த்து, சத்தமும் புகையுமான வண்டிகளைச் செய்து தெருவில் போவோருக்குத் தொல்லை கொடுக்கிறார்கள் என்று சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பதிவு செய்யப்படாத வண்டி பொதுத் தெருவில் ஓடக் கூடாது என்பதில் அவருக்கும் எனக்கும் பிணக்கு இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதும் அதைத்தான். ஆனால் அப்படி ஒரு வண்டியைச் செய்து முடிக்க ஒரு பையனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை, முப்பத்தொரு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக, அதாவது இயந்திரங்களைப் பொருத்தித் திருத்துபவனாக, வேலை செய்த நான் அறிவேன். அதை யாராவது எழுத வேண்டும்.

கடந்த தீபாவளிக்குப் பிறகு என் பேரனும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் எங்கள் லயத்தின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) பின்புறத்தில் ஒரு மினி சொப்பர் செய்யத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிளின் வேண்டாத பாகங்களை வெட்டி எறிந்து, முன் சில்லைத் தாங்கும் கவையான போர்க்கை நீட்டிச் செய்யத் தொடங்கிய வகையின் சிறிய வடிவம் அது. என்ஜின் மரக்கறித் தோட்டம் ஒன்றின் தண்ணீர்ப் பம்பிலிருந்து வந்தது, 163 சீ.சீ., 5.5 குதிரைவலு. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியதால் வால்வுகளில் கரி படிந்து, ஒயிலும் நீர்த்துப்போய், உரியவர் அதைக் கொட்டிலில் போட்டிருந்தார். சில்லுகள் முச்சக்கர வண்டியின் 8 அங்குலச் சில்லுகள். பிரேம் பழைய தண்ணீர்க் குழாய். போர்க் விபத்தில் சிக்கிய மோட்டார் சைக்கிள் ஒன்றினது. அதன் குழாய்கள் வளைந்திருக்கின்றனவா என்று கண்ணாடித் தட்டின்மேல் உருட்டிப் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

முதல் ஓட்டம் பத்து யார் கூடப் போகவில்லை. பயன்படுத்தாமல் கிடக்கும் தோட்டத்து மைதானத்தில், நடை வேகத்திலேயே ஹாண்டில் ஒரு பக்கம் மடிந்து, பேரன் விழுந்து முழங்கால் உரிந்தது. பையன்கள் பெயாரிங்கைக் குறை சொன்னார்கள். நான் பக்கத்து லயத்து மேசன் பாஸிடம் தூக்குக் குண்டை இரவல் வாங்கி வந்தேன். ஹாண்டில் திரும்பும் கழுத்தின் சாய்வுக்கு நேராக ஒரு நீளக் கம்பியைப் பிடித்து, அது நிலத்தைத் தொட்ட இடத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு போடச் சொன்னேன். முன் அச்சிலிருந்து தூக்குக் குண்டை இறக்கி, அது தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. ஒழுங்கான வண்டியில் இரண்டாவது கோடு முதலாவதுக்குப் பின்னால் விழ வேண்டும். அப்போதுதான் சில்லு இழுபட்டு வந்து தானாகவே நேராகும். இவர்களுடைய வண்டியில் அது ஆறு சென்ரிமீற்றர் முன்னால் விழுந்திருந்தது. கழுத்து செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருக்க, பார்வைக்கு நீளமாகத் தெரிய வேண்டும் என்று போர்க்கை மட்டும் கிளாம்பில் இன்னும் 15 பாகை முன்னுக்குத் தள்ளியதுதான் பிழை. கழுத்தையே வெட்டி 40 பாகைக்குச் சாய்த்து, போர்க்கை அதற்குச் சமாந்தரமாகப் பொருத்தியபோது இரண்டாவது கோடு பத்துச் சென்ரிமீற்றர் பின்னுக்கு வந்தது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாத என் பேரன், எந்தச் சாய்வுக்கு எத்தனை சென்ரிமீற்றர் வரும் என்று அன்று மாலை பழைய திரிகோண கணிதப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

வெல்டிங்கிலும் அவர்கள் நிறையப் படித்தார்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயை அப்படியே ஒட்டினால் கிளம்பும் புகை இரவில் குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும் என்பதால், ஒட்டும் இடங்களில் பூச்சை அராவி எடுத்து, திறந்த வெளியில் வைத்தே ஒட்டினார்கள். ஒட்டிய பின் தொழிற்சாலையில் நாங்கள் செய்த சோதனையைக் காட்டிக் கொடுத்தேன். மண்ணெண்ணெயைப் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே வெண்கட்டித் தூளைத் தடவ வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் ஊறி வந்து தூளில் மயிரிழை போலக் கறுப்பாகத் தெரியும். கழுத்தடியில் அப்படி ஓர் இழை தெரிந்தது. யாரும் சொல்லாமலே பேரன் அந்த ஒட்டை முழுவதுமாக அராவி எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினான்.

மலைநாட்டுக்கென்றே உள்ள சிக்கல்கள் வேறு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று மெலிந்திருப்பதால் கார்பரேட்டர் உள்ள என்ஜின் தன் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழப்பதுடன், பெற்றோல் மிகையாகிக் கரும்புகையும் கக்கும். வாசகர் குறிப்பிட்ட புகைக்கு இதுவும் ஒரு காரணம். கார்பரேட்டரில் பெற்றோல் வரும் துளையான ஜெற்றைச் சிறியதாகப் போட்டதும் இந்த வண்டியில் அது அடங்கியது. என்ஜின் ஆறு சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு சுற்று, அதாவது ஆறுக்கு ஒன்று என்ற செயின் கணக்கில், நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்கு மணிக்கு 47 கிலோமீற்றர் வரும் என்று பையன்கள் மகிழ்ந்தார்கள். ஏற்றத்தில் கிளச் வழுக்கிச் சூடேறி லைனிங் கருகும் மணம் வந்தது. நடுவில் இன்னோர் அச்சு வைத்துப் பத்துக்கு ஒன்றாக்கியதும் வேகம் 28ஆகக் குறைந்தது, வண்டி ஏறியது. இறக்கத்தில் ஆபத்து இன்னும் அதிகம். இந்தத் தானியங்கிக் கிளச், என்ஜின் சுற்று ஏறத்தாழ 2,000க்குக் கீழே இறங்கியதும் விட்டுவிடும்; அதன் பிறகு கியரில் போட்டு இறங்குவதுபோல என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஆகவே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பிரேக் வேலை செய்யும் வரை யாரையும் அதில் ஏற நான் விடவில்லை. இப்போதும் அது மைதானத்தைத் தாண்டுவதில்லை.

இவ்வளவையும் செய்த என் பேரன் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போனபோது, சாதாரண தரச் சித்தி இல்லை என்று விண்ணப்பப் படிவம்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். கையில் கொண்டுபோன வண்டியின் படங்களை யாரும் பார்க்கவில்லை. என்.வீ.கியூ. எனப்படும் தேசியத் தொழில் தகைமை முறையில், வேலை செய்தே கற்றவர்களின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற வழி இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது எங்கள் லயங்களில் பலருக்குத் தெரியாது. அந்த நிலையத்திலும் யாரும் அவனிடம் சொல்லவில்லை. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, தமிழில் சோதிக்கக்கூடிய மதிப்பீட்டாளர்களைத் தோட்டப்புறங்களுக்கு அனுப்பி, வெல்டிங்கிலும் மோட்டார் சைக்கிள் திருத்தும் தொழிலிலும் இத்தகைய பையன்களின் கைவேலையைச் சான்றாக ஏற்று மதிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தோட்ட நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். பல தொழிற்சாலைகளின் பட்டறைகளில் லேத்தும் துளைபோடும் இயந்திரமும் வாரக் கடைசியில் சும்மா நிற்கின்றன. பிட்டர் ஒருவரின் கண்காணிப்பில் அரை நாள் திறந்துவிட்டால், லயத்துச் சுவரோரம் நடக்கும் வெல்டிங் வேலை பாதுகாப்பான இடத்துக்குப் போகும். எந்த நிர்வாகமாவது இடம் தருமானால், நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குச் சம்பளம் வாங்காமல் சனிக்கிழமைதோறும் நான் வருவேன். மைக்ரோமீற்றரும் தூக்குக் குண்டும் நானே கொண்டு வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைப் பிட்டர்,
நுவரெலியா.