ஆன்மிக வாசிப்பு வட்டம்: செயலரின் ஆண்டறிக்கை

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, வட்டத்தின் தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை, செபமாலை முடிந்ததும் கூடும் வழக்கம் இவ்வாண்டும் தொடர்ந்தது. மழையால் ஒரு கூட்டம் மட்டும் நடைபெறவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

சென்ற ஆண்டுவரை கூட்டத்துக்கு ஒரு நூல் என்று படித்து முடித்து, அதைப் பற்றிப் பேசிக் கலைந்தோம். "அறிவு கூடியிருக்கிறது, செபம் கூடியிருக்கிறதா?" என்று பங்குத்தந்தை கேட்டபோது எங்களிடம் விடை இல்லை. ஆகவே இவ்வாண்டு வேகத்தைக் குறைத்தோம். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் அதை மென்று அரைக்கிறது, மன்றாட்டு சுவையைக் காண்கிறது, இறைவனில் ஆழ்ந்திருப்பதோ அந்த இனிமையேதான் என்று 12-ஆம் நூற்றாண்டின் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ எழுதினார். அந்த நான்கு படிகளையே கைக்கொண்டோம்.

"ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்ற 23-ஆம் திருப்பாடலின் முதல் வரியை ஒரு மாலை நாங்கள் தாண்டவே இல்லை. எழுத்தறியாத மூத்த உறுப்பினர் ஒருவர், பேத்தி வாசிக்கக் கேட்டவர், "குறை இருக்கத்தானே செய்கிறது தம்பி, எப்படிச் சொல்வது?" என்றார். யாரும் விளக்கம் சொல்ல முன்வரவில்லை, சொல்லாதிருந்ததே நல்லது. நெடுநேர அமைதிக்குப் பின் அவரே அந்த வரியைக் கடவுளிடம் கேள்வியாகவே சொல்லிச் செபித்தார். இவ்வாண்டின் சிறந்த வாசிப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

புத்தகம் இல்லாமல் செபிக்க வரவில்லையே என்று வருந்துவோர் நம்மில் உண்டு. அவிலா நகர்ப் புனித தெரேசா ஏறத்தாழ 18 ஆண்டுகள், நற்கருணை வாங்கிய வேளை தவிர, கையில் நூல் இன்றிச் செபிக்கத் துணியவில்லை. பல நாள்களில் நூலைத் திறந்தாலே மனம் ஒருமுகப்பட்டதாம். வருந்த வேண்டாம்.

தவக்காலத்தில் மாற்கு நற்செய்தியின் 16 அதிகாரங்களையும் கையால் எழுதினோம். வழி காட்டியவர் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார். 1521-இல் ஸ்பெயினின் பாம்பலோனாவில் நடந்த போரில் குண்டடிபட்டுத் தம் ஊரான லொயோலாவில் படுத்திருந்தபோது அவர் கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் வாசித்தார். ஆண்டவரின் சொற்களைச் சிவப்பு மையிலும் அன்னையின் சொற்களை நீல மையிலும் எழுதி ஏறத்தாழ 300 தாள்களை நிரப்பினார். நாங்களும் இரு மையும் வாங்கினோம்.

முதலில் நான் பரிசு அறிவித்தது தவறு. சிலர் முந்துவதற்காகவே எழுதத் தொடங்கினார்கள். இரண்டாம் வாரமே பரிசைத் திரும்பப் பெற்றேன். அதன்பின் கையெழுத்து நிதானப்பட்டது.

புனித வாரத்தில் ஒரு மாணவி, "என் நீலப் பேனாவைத் திறக்கவே இல்லை" என்றாள். உண்மைதான்: மாற்கு நற்செய்தியில் அன்னை மரியா பேசும் ஒரு சொல்கூட இல்லை. பல ஆண்டுகளாக வாசித்தும் நம்மில் எவரும் கவனிக்காததை அவள் கை கவனித்தது. அன்று யோவான் நற்செய்தியின் கானாவூர்ப் பகுதியைத் திறந்து, "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்பதை எல்லாரும் நீல மையில் எழுதினோம்.

நூல் வழியே இறைவனைத் தேடுவது தூத்துக்குடிக் கடற்கரையாகிய நம் முத்துக்குளித்துறைக்குப் புதிதன்று. இஞ்ஞாசியார் தொடங்கிய சபையின் அன்றிக்கு அடிகளார் இக்கரையில் உழைத்தவர். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' என்ற மறைக்கல்வி நூல் 1578-இல் கொல்லத்தில் தமிழில் அச்சாயிற்று. புனிதர் வரலாறுகளைச் சொல்லும் 'அடியார் வரலாறு' 1586-இல் வெளிவந்தது. இஞ்ஞாசியாரை மாற்றியதும் அவ்வகை நூலே. அதை நினைக்கும்போதெல்லாம் நன்றி பொங்குகிறது.

சொந்தக் குறிப்பேட்டை யாரும் கேட்டு வாங்கிப் படிக்கக் கூடாது என்ற விதி தொடர வேண்டும். கடவுளுக்கு எழுதியதை அவர் வாசித்தால் போதும். நூல் அலமாரிக்குக் கதவு போட்டுத் தந்த அன்பியத்தாருக்கு, அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுவினருக்கு, நன்றி.

வரும் தவக்காலத்தில் லூக்கா நற்செய்தியை எழுதலாம் என்று பரிந்துரைக்கிறேன். அதில் மரியாவின் பாடல் இருப்பதால், நீல மைப் பேனாக்கள் கூடுதலாக வாங்கப் பேரவையின் ஒப்புதல் வேண்டுகிறேன்.

இவண்,
செயலர்