மூச்சுக்குழலுக்குள் எங்களுக்கு வழி காட்டியவர்களுக்கு

வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் நண்பர்கள் நால்வர் சேர்ந்து எழுதும் மடல் இது. சி.டி. ஸ்கேன் படங்களை அடுக்கி மூச்சுக்குழலின் உட்புறத்தைத் திரையில் எழுப்பி, அதற்குள் நினைத்த பக்கம் திரும்பி உடனுக்குடன் பார்க்க உதவும் மென்பொருளைத் திட்டப்பணியாகச் செய்து முடித்திருக்கிறோம். அறிக்கையின் அட்டையில் எங்கள் பெயர்கள்தான் இருக்கும். அது போதாது என்பதால் இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி, ஊத்தங்கரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் விவசாயம் செய்யும் ஒரு தாய்க்கும் தந்தைக்கும். வீட்டில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, வாயில் போட்ட பருப்போடு ஓடிய அவர்களுடைய மகனுக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிட்டது. சாதாரண எக்ஸ்ரேயில் நிலக்கடலை பெரும்பாலும் தெரியாது. வலப்பக்கக் கிளைக்குழல் இடப்பக்கத்தைவிட அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் இப்படி விழுபவை அடிக்கடி அங்கேதான் போய் நிற்கும், இவனுக்கும் அப்படித்தான். சிகிச்சை முடிந்து பையன் நன்றாக ஓடியாடத் தொடங்கிய பிறகு, அவனுடைய ஸ்கேனைப் பெயர் நீக்கித் தரலாமா என்று கேட்டோம். எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு இருவரும் கையெழுத்திட்டார்கள். அம்மா, ஐயா, உங்கள் நம்பிக்கைக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

ஸ்கேன் மையத்து ரேடியோகிராபர் அக்கா இல்லையென்றால் அந்த நம்பிக்கையும் பயன்படாமல் போயிருக்கும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள படங்களை அடுக்கினால் குழலின் சுவர் படிக்கட்டாக உடைந்து தெரியும், 1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய அடுக்குகள் வேண்டும் என்று விளக்கியவர் அவர். குழந்தைக்கு மறுபடி ஸ்கேன் எடுக்காமல், இயந்திரத்தில் இருந்த மூலத் தரவைக் கொண்டே மெல்லிய படங்களைத் தன் பணி நேரம் முடிந்த பிறகு உருவாக்கித் தந்தார். கூடுதல் கதிர்வீச்சு துளியும் இல்லை.

512-க்கு 512 அளவில் 300 படங்கள் என்றால் ஏறத்தாழ 7 கோடியே 86 லட்சம் புள்ளிகள். ஸ்கேனில் பொருளின் அடர்த்தியைக் குறிக்கும், தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000 என்னும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவை வைத்துக் காற்றுப் பாதையை மட்டும் பிரித்தெடுக்கிறோம். பெருங்குழல்களில் இது எளிது. நுனிக் கிளைகளில் சுவர் மிக மெல்லியது. அதனால் நாங்கள் பிரிக்கும் எல்லை கசிந்து நுரையீரலுக்குள் பரவிவிடும். அந்த இடத்தில் இரவெல்லாம் எங்களோடு உட்கார்ந்திருந்த பேராசிரியருக்கு நன்றி.

காட்சி கையசைவோடு ஓட, ஒவ்வொரு படமும் 40 மில்லி விநாடிக்குள் உருவாக வேண்டும். அப்போதுதான் விநாடிக்கு 25 படங்கள் கிடைக்கும். எங்கள் கணினிகளுக்கு அந்த வலு கிடையாது. விற்பனைக்கு வைத்திருந்த கிராபிக்ஸ் கார்டைப் பருவத் தேர்வு முடியும்வரை வாடகையின்றிக் கொடுத்த ஓசூர் கடைக்கார அண்ணனுக்கு எங்கள் அன்பு. ஸ்கேன் தரவை சிறு முக்கோணங்களால் ஆன பரப்பாக மாற்றும் ‘மார்ச்சிங் கியூப்ஸ்’ முறையை 1987-இல் வெளியிட்ட லோரன்சன், கிளைன் இருவரையும், முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்க உதவும் வி.டி.கே. நிரல்தொகுப்பை உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்தவர்களையும் இங்கே வணங்குகிறோம்.

தருமபுரியைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஐயாவுக்கு எவ்வளவு சொன்னாலும் தீராது. சி.டி. படத்தில் நோயாளியின் வலப்பக்கம் பார்ப்பவரின் இடப்பக்கம் வரும். மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் மருத்துவரோ நோயாளியின் தலைமாட்டில் நிற்கிறார். அவருக்கு வலம் வலமாகவே தெரிய வேண்டும் என்று மேசையருகே எங்களை நிறுத்திக் காட்டினார். சுவருக்குச் சதை நிறம் பூச வேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். ஸ்கேனில் நிறம் இல்லை. சிவந்திருக்கிறதா, வீங்கிப் புண்ணாகியிருக்கிறதா என்பதை அது சொல்லாது. கட்டிய சளியும் அடைப்பாகத் தோன்றலாம். எனவே எங்கள் திரையில் குழல் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. அதுவே நேர்மையான படம் என்று நாங்களும் நம்புகிறோம்.

இந்த மென்பொருள் மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் உண்மையான பிராங்கோஸ்கோப்பிக்கு மாற்று ஆகாது. சிக்கிய பருப்பை எடுக்க மயக்க மருந்தும் குழாயும் தேர்ந்த கையும் வேண்டும். உள்ளே போகும் முன் பாதையை ஒருமுறை பார்த்துக்கொள்ள, படிக்கும் மாணவர்களுக்குக் காட்ட இது உதவும். பிரதியை மருத்துவர் ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டோம். நிரலை வேறு எந்தக் கல்லூரி மாணவர் கேட்டாலும் கொடுப்போம். ஸ்கேன் படங்களை மட்டும், பெற்றோருக்குக் கொடுத்த வாக்கின்படி, யாருக்கும் தரமாட்டோம்.

நன்றியுடன்,
நால்வர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்