சரோஜாவுக்கு ரங்கூனிலிருந்து

அன்புள்ள சரோஜா,

தீபாவளிக்கு வந்த உன் கடிதத்துக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள். எழுத உட்கார்ந்தால் குட்டியைப் பற்றி எழுத வேண்டியிருக்கும். அதற்குத் தைரியம் வரவில்லை. இவர் நலம், முழங்கால் வலி மட்டும் பழையபடி. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ தின்றுவிட்டு அதை மோல்மேன் அத்தோவோடு ஒப்பிட்டிருக்கிறாயே, உனக்கு நாக்கு செத்துவிட்டது.

குட்டிக்கு ஹெப்படைட்டிஸ் சி இருக்கிறது, சரோஜா, ரத்தத்தின் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ். இங்கே 'சி போ' என்பார்கள். அவள் அம்மா செல்விக்கு இருப்பது கர்ப்பகாலப் பரிசோதனையில்தான் தெரிந்தது. சிறுமியாக இருந்தபோது பெகு பக்கத்துக் கிராமத்தில் ஒரே ஊசியை எல்லாருக்கும் போட்ட ஒருவரிடம் வந்திருக்கும் என்கிறாள். இத்தனை வருடம் ஒரு காய்ச்சல்கூட இல்லை. இப்படிப்பட்ட தாய்மாருக்குப் பிறக்கும் இருபது குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குத்தான் தொற்றும் என்றார் டாக்டர். அந்த ஒன்று நம் வீட்டில் பிறந்தது.

வைரஸை எதிர்க்கத் தாயின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும், அவசரப்பட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்று பதினெட்டு மாதம் காத்திருந்தோம். போன வாரம் பரிசோதித்ததில் எதிர்ப்பொருளும் இருந்தது, வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.யும் இருந்தது, அதாவது வைரஸே உள்ளே இருக்கிறது.

உடனே மருந்து கொடுங்கள் என்று டாக்டரிடம் மன்றாடினேன். மூன்று வயது ஆகட்டும் என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. உன் அண்ணன் இதே நோய்க்கு 48 வாரம் பழைய மருந்துகளான இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரினும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் கம்பளிக்குள் நடுங்கியது நினைவிருக்கிறதா? பிஞ்சுகளுக்கு அந்த ஊசி நரம்பையே பாதிக்குமாம், அதனால் இரண்டு வயதுக்குள் தொடுவதே இல்லை. இப்போதைய கூட்டு மருந்து சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும். முதலாவது, வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது போலித் துண்டாக உள்ளே புகுந்து சங்கிலியை அறுத்துவிடுகிறது. மற்றது, வைரஸுக்குப் பிரதியெடுக்கவும் உருப்பெறவும் வேண்டிய ஒரு புரதத்தை முடக்குகிறது. ஒன்றை மட்டும் கொடுத்தால் வைரஸ் உருமாறித் தப்பிவிடும். பன்னிரண்டு வாரம் போதும். 2013இல் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். அடுத்த வருடமே இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்ததால் நம்மைப் போன்றவர்களுக்கும் எட்டுகிறது. செல்வி இப்போது அந்தக் கூட்டு மருந்தைத்தான் சாப்பிடுகிறாள்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் இந்த மருந்துகளைக் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது, ஆனால் மூன்று வயதிலிருந்துதான். அதற்குள் சில குழந்தைகளுக்கு வைரஸ் தானாகவே போய்விடுமாம். போகாவிட்டாலும் இந்த வயதில் கல்லீரல் கெடுவது மிக மெதுவாகத்தான். இதைக் கேட்ட பிறகுதான் என் ஆத்திரம் அடங்கியது. பயம் அடங்கவில்லை.

பெரியத்தையை உனக்குத் தெரியும். சூரத்தி பஜாரில் கீழாநெல்லி வாங்கி வந்து அரைத்துப் புகட்டப் பார்த்தார், பிடுங்கிக் கொட்டினேன். மஞ்சள் காமாலை இல்லை, அத்தை, இது வேறு என்று எத்தனை முறைதான் சொல்வது? பிறந்த புதிதில் தாய்ப்பாலை நிறுத்த வைத்ததும் அவர்தான். முலைக்காம்பில் வெடித்து ரத்தம் கசியாதவரை கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது செல்விக்குப் பால் வற்றியிருந்தது. முந்தாநாள் குட்டியின் டம்ளருக்கு அடியில் சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தார், யாரும் மாற்றிக் குடித்துவிடக் கூடாதாம். செல்வி அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டம்ளரைக் கழுவிக்கொண்டே நின்றாள். நான் வாங்கி, குட்டி குடித்து மிச்சம் வைத்திருந்த பாலை ஊற்றி, அத்தைக்கு எதிரிலேயே குடித்தேன். டம்ளரில் பரவுகிற நோயா இது?

இப்போது உன்னிடம் ஒரு வேலை. 17 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்த மருந்து குருணையாக வருகிறது, ஒரு நாளைக்கு சோஃபோஸ்புவிர் 150 மில்லிகிராமும் வெல்படாஸ்விர் 37.5 மில்லிகிராமும். சென்னையில் குழந்தைகளின் கல்லீரல் பார்க்கிற டாக்டர் யாரிடமாவது அது அங்கே கிடைக்குமா, எப்படி வரவழைப்பது என்று கேட்டு எழுது. ஒன்றரை வருடம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதே.

மருந்து கடும் கசப்பாம். மூன்றிலிருந்து ஐந்து வயதுவரையான 41 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 34 பேர் குணமானார்கள், மற்றவர்கள் முதல் நாட்களிலேயே மருந்தை விட்டவர்கள். புளிப்பில்லாத, சூடில்லாத உணவில் தூவி, மெல்லாமல் விழுங்க வைக்க வேண்டும். அதனால் இப்போதே ஆறிய ஜவ்வரிசிப் பாயசத்தைக் கரண்டியில் கொடுத்துப் பழக்குகிறேன். அவளோ ஒவ்வொரு ஜவ்வரிசியையும் முன்பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறாள்.

உன்
மீனாட்சி