முதல் ஊசிக்கு முன் கல்ச்சர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

புதிய ஆன்டிபயாடிக்குகள் பற்றிய உங்கள் கட்டுரை கண்டேன். சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம், செஃபிபைமுடன் சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் எந்தக் கிருமிக்கு அது கேட்கும் என்பதையும் எழுதியிருக்கலாம். இ.எஸ்.பி.எல். நொதி சுரக்கும் கிருமிகள் செஃபிபைம் போன்ற செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகளை உடைத்துவிடும். என்மெட்டாசோபாக்டம் அந்த நொதியை முடக்கிவிட, செஃபிபைம் கிருமியைக் கொல்கிறது. துத்தநாகத்தைக் கொண்டு இயங்கும் என்.டி.எம். நொதியிடம் இது பலிக்காது. எந்த நொதி என்று தெரியாமல் போட்டால், விலை உயர்ந்த மருந்து வீண்; நோயாளிக்கு 2 நாளும் வீண்.

அதைச் சொல்வது கல்ச்சர்தான்: நோயாளியின் சிறுநீரிலோ ரத்தத்திலோ உள்ள கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை. கிருமியைப் பரப்பிய அகார் கூழ்த் தட்டில், செஃபோடாக்சிம் என்ற செஃபலோஸ்போரின் ஏற்றிய வில்லைக்குப் பக்கத்தில், நொதியை முடக்கும் கிளாவுலானிக் அமிலம் உள்ள வில்லையை வைத்தால், இ.எஸ்.பி.எல். கிருமியாக இருக்கும்போது கிருமி வளராத தெளிந்த வட்டம் அந்தப் பக்கமாக இழுபட்டு, சாவித் துவாரம் போலத் தெரியும். அகார் 4 மி.மீ. கனம் இருக்க வேண்டும். மெலிந்தால் வட்டம் பெரிதாகி, கேட்காத மருந்தும் கேட்பதுபோலக் காட்டும்.

லேபுக்கு வருமுன்னே மாதிரி கெட்டுவிடுவதுதான் பெரிய வேதனை. முதல் வேளை மருந்துக்கு முன்பே எடுக்க வேண்டும். பிறகு எடுத்தால் 'நோ குரோத்' (எதுவும் வளரவில்லை) என்று ரிப்போர்ட் வரும், கிருமி உள்ளேயே இருக்கும். சிறுநீரில் முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை ஸ்டெரைல் டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டில் கழுவிய பாட்டில் உதவாது. 2 மணி நேரத்துக்குள் சேர்க்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், 24 மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்தால் கிருமி பெருகி எண்ணிக்கையே பொய்யாகிவிடும். ரத்தக் கல்ச்சர் பாட்டிலை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம், இரண்டு இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். ஒரு மி.லி.யில் ஓரிரு கிருமிகளே இருக்கலாம் என்பதால் 2 மி.லி.யில் சிக்காமல் போகும். ஒரே இடத்தில் எடுத்தால் தோலில் இருந்த கிருமியா, ரத்தத்தில் இருந்ததா என்று பிரித்தறிய முடியாது.

ரிப்போர்ட்டுக்கு 2, 3 நாள் ஆகும். அதற்குள் கடையில் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள். 2014 மார்ச் 1 முதல் அது எச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறையை உங்கள் மருத்துவப் பக்கத்தில் பெட்டிச் செய்தியாக, படத்துடன் போடுங்கள்.

நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்,
பெரம்பூர், சென்னை.