‘தோல்வி’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலவெளியின் நுண்ணிய நடுக்கத்தை ஒளியால் அளப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். அமெரிக்க இயற்பியல் ஆய்வகமான ஃபெர்மிலேபில் அந்த நடுக்கத்தைத் தேடிய கருவியைப் பற்றி, ‘ஃபெர்மிலேபின் ஹோலோமீட்டர் சோதனை தோல்வியில் முடிந்தது’ என்ற வரி வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாளாக அந்த ஒரு சொல் மனதை அரிக்கிறது.

கல்லூரி ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மைக்கல்சன் குறுக்கீட்டுமானியோடு மல்லுக்கட்டியவன் நான். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, இரு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பவைத்து, மறுபடி சேர்த்தால் வளையங்கள் தெரியும். கற்றைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினால் போதும், சூடான காற்று பட்டு வளையங்கள் நெளியும். கதவை யாராவது அறைந்து சாத்தினால் கலைந்தே போகும். ‘அசையவில்லை’ என்று ஏட்டில் எழுத வரும் மாணவரிடம், ‘அசைந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்குமா, அதை முதலில் காட்டு’ என்பேன். அதைக் காட்டத்தான் பாடுபட வேண்டும்.

ஹோலோமீட்டர் அதைத்தான் காட்டியது. 40 மீட்டர் கைகள் கொண்ட இரண்டு குறுக்கீட்டுமானிகள் பக்கத்தில் பக்கத்தில். ஒளியில் தானாக எழும் தாறுமாறான ஆட்டம், அதாவது இரைச்சல், ஒவ்வொன்றிலும் தனித்தனி. காலவெளியே நடுங்கினால் மட்டும் இரண்டிலும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். நூறு மணி நேரத்துக்கும் மேல் ஒப்பிட்டுப் பார்த்து, இயற்பியலாளர் கிரெய்க் ஹோகன் கணித்த வகை நடுக்கம் இல்லை என்று 2015இல் அறிவித்தார்கள். அறிவித்தது அந்த ஹோகனின் குழுவேதான். இதையா தோல்வி என்பது? 1887இல் மைக்கல்சனும் மார்லியும் ஒளியைச் சுமப்பதாக நம்பப்பட்ட ஈதரைத் தேடி, அது தென்படாததால் இயற்பியல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தாங்கள் அறியாததல்ல.

இது முதல் தடவையும் இல்லை. 2016 பிப்ரவரியில், ஈர்ப்பு அலைகளைத் தேடும் அமெரிக்கக் குறுக்கீட்டுமானியான லைகோவின் அறிவிப்பு வந்தபோது ‘தொலைநோக்கியில் சிக்கிய ஈர்ப்பு அலை’ என்று தலைப்பிட்டீர்கள். 4 கிலோமீட்டர் வெற்றிடக் குழாயில் லேசர் ஓடி, புரோட்டானின் விட்டத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறிய அசைவைப் பிடித்தது. அதில் தொலைநோக்கி எங்கே வந்தது? அன்றே எழுதினேன். கடிதம் அச்சேறியது, ஆனால் தங்களைப் பாராட்டிய இரண்டு வரி மட்டும். அப்புறம் இந்த அடுக்கு எண். பத்தின் அடுக்கு மைனஸ் பதினெட்டு மீட்டர் என்பது தங்கள் பக்கங்களில் ‘10-18 மீட்டர்’ என்றே அச்சாகிறது. படிக்கிற பிள்ளை பத்திலிருந்து பதினெட்டு மீட்டர் வரை என்றுதானே நினைக்கும்?

அடுத்த இதழில் ‘தோல்வியில் முடிந்தது’ என்பதை ‘அத்தகைய நடுக்கம் இல்லை என்று காட்டியது’ எனத் திருத்தி ஒரு வரி போடுங்கள். அடுக்கு எண்ணை மேலே ஏற்றி அச்சிடுங்கள். முடியாவிட்டால் எழுத்தால் எழுதிவிடுங்கள். இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் முதல் பத்தியை எடுத்துவிடுங்கள், ஹோலோமீட்டர் பத்தி மட்டும் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் விரிவுரையாளர்