ஆஸ்டர்லி மாளிகைக்கு ஒரு ஞாயிறு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நம் பாடசாலைக் குடும்பங்கள் சேர்ந்து மேற்கு லண்டனில் உள்ள ஆஸ்டர்லி மாளிகைக்கும் தோட்டத்துக்கும் போகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டு மாலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும் சுற்றுலா அல்ல இது. அம்மாவோ அப்பாவோ கூடவே வரவேண்டும். அம்மம்மா, அப்பப்பாமாரும் வந்தால் இன்னும் நல்லது.

தமிழ்ப் பாடசாலைக்கு ஆங்கிலப் பிரபு வீட்டில் என்ன வேலை என்று சிலர் கேட்டீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 1713-இல் அந்த இடம் சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தக் குடும்பத்தார் கிழக்கிந்தியக் கம்பெனியில் பங்குதாரர்களாகவும் இயக்குநர்களாகவும் இருந்தவர்கள். கம்பெனி வாங்கி விற்ற முக்கியமான சரக்குகளில் ஒன்று சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. அந்தத் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும்கூடத் தோண்டி எடுக்கப்பட்டது. ஆகவே நம்மவர் உழைப்புக்கும் இந்த மாளிகைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும். (சென்னை வரலாறு படித்தவர்கள் ஜோசையா சைல்ட் என்ற கம்பெனித் தலைவரை அறிந்திருக்கலாம். அவர் வேறு குடும்பம்.)

வீட்டின் பழைய கதை இன்னும் சுவையானது. முதலில் கட்டியவர் லண்டனில் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிகர் கூடத்தை நிறுவிய தாமஸ் கிரெஷாம். முற்றம் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருக்கிறது என்று முதலாம் எலிசபெத் ராணி சொல்ல, கிரெஷாம் இரவோடிரவாக ஆள் வைத்து நடுவே சுவர் எழுப்பிவிட்டார் என்பார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. 1576-இல் ராணி அங்கே தங்கியிருந்தபோதே, பூங்காவின் வேலியைப் பிடுங்கி எரித்ததாக ஊர்ப் பெண்கள்மேல் வழக்குப் பதிவானது. ராணியின் பெயர் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அந்தப் பெண்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இன்று நாம் பார்க்கப்போவது பெரும்பாலும் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் 1761 முதல் திருத்தி அமைத்த வீடு. முன் மண்டபத்தில் நின்று முதலில் கூரையைப் பாருங்கள், பிறகு குனிந்து தரையைப் பாருங்கள். மேலே சுதையில் உள்ள கோலத்தின் சாயலைக் கீழே பளிங்கிலும் இழைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். குடும்பச் சின்னத்தை வரைந்து சீனாவுக்கு அனுப்பி, அங்கே பீங்கானில் தீட்டிக் கப்பலில் வரவழைத்த பாத்திரங்களும் இந்த வீட்டின் சொத்து. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது எங்கே செய்யப்பட்டது, யார் கை பட்டது, எப்படி இங்கே வந்தது என்று அடுத்த வகுப்பில் தமிழில் பேசவேண்டும். வீட்டில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கும் பெற்றோர் இந்த முறை பொறுத்தருளவேண்டும்.

1782-இல் இந்த வீட்டின் ஒரே மகள் ஒரு பிரபுவோடு ஓடிப்போய் ஸ்காட்லாந்து எல்லையில் கல்யாணம் செய்துகொண்டாள். கோபம் தீராத தந்தை, சொத்து மருமகனின் பட்டத்து வாரிசுக்குப் போகாதபடி உயில் எழுதிவைத்துவிட்டு அதே ஆண்டு இறந்துபோனார். வழிகாட்டிகள் இதைக் கட்டாயம் சொல்வார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், சமாளிப்பது உங்கள் பொறுப்பு.

உள்ளே எதையும் தொடக்கூடாது. கை வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டுத்துணியையும் பொன்முலாமையும் கெடுக்கும். வெளிச்சம் பட்டாலும் சாயம் வெளுக்கும் என்பதால் சில அறைகள் மங்கலாக இருக்கும். பிளாஷ் போட்டுப் படம் எடுக்கவேண்டாம். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். முகப்பில் படிகள் உண்டு, ஆதலால் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் முன்கூட்டியே எனக்குச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு தோட்டத்துப் புல்வெளியில்தான். புளிச்சோறு, இடியப்பம், றோல்ஸ் எதுவானாலும் சரி. குப்பையைத் திரும்ப எடுத்துவருவது நம் வேலை. ஏரியில் உள்ள வாத்துகளுக்குச் சோறு போடாதீர்கள். ஹீத்ரோ விமானங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும், எம்4 சாலையும் பூங்காவை ஊடறுத்துத்தான் ஓடுகிறது. ஆகவே ஆழ்ந்த அமைதியை எதிர்பார்த்து வரவேண்டாம்.

காலை 10.30 மணிக்கு முகப்புப் படியருகே கூடுவோம். பிக்காடில்லி பாதையில் ஆஸ்டர்லி நிலையத்தில் இறங்கி நடந்தே வரலாம். மாளிகையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர்களுக்கு வீட்டுக்கும் கார் நிறுத்தவும் கட்டணம் இல்லை. மற்றவர்கள் டிக்கெட் எடுக்கவேண்டும். பணம் கையைக் கடித்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், பாடசாலை பார்த்துக்கொள்ளும்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை மே மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்